குளியல் இருக்கை பற்றிய அறிக்கை

இந்த ஊரில் யாரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் "பரவாயில்ல" என்பதைத் தவிர வேறு பதில் வராது. காலையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட கிழவரும் அதையே சொல்வார், லாட்டரியில் பரிசு விழுந்தவரும் அதையே சொல்வார். நான் இந்த அக்ரிங்டனில்தான் பிறந்து வளர்ந்தவன், ஐம்பத்தேழு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சற்று முன் இந்த அறைக்குள் வந்தபோது நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள், சார்ஜென்ட் அஷ்வொர்த். மூக்கு ஒழுகுகிறது, கண் சிவந்திருக்கிறது, கேட்டால் பரவாயில்லையாம்.

ஜலதோஷத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. என் தொழில் முழுக்க இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டுவதுதான், அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் கிரகாம் தோர்ன்லி. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். கடந்த பதினோரு வருஷமாகச் சிறிய நிறுவனங்களுக்கு ஆராய்ச்சி வரிச்சலுகை வாங்கிக் கொடுக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, காலை பஸ்ஸைப் பிடித்து இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகத்தான் வந்தேன். அடுத்த மாதம் பிரெஸ்டன் நீதிமன்றத்தில் நார்மன் ஹாஸ்லம் கூண்டில் ஏறப்போகிறார், தன் மனைவி டோரீனைத் தன்னுடைய அலட்சியத்தால் சாகவிட்டார் என்ற குற்றத்துக்காக. அந்த வழக்கில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். ரெக்கார்டர் ஓடுகிறதல்லவா? சரி.

அந்தச் சலுகை நல்ல சலுகை. ஒரு நிறுவனம் புதிதாக ஒன்றைச் செய்யப் பார்க்கிறது, அது நடக்குமா நடக்காதா என்று அந்தத் தொழிலில் ஊறியவருக்கே தெரியவில்லை, தட்டுத் தடுமாறிச் செலவு செய்கிறது என்றால், அந்தச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் வரியில் விட்டுக்கொடுக்கும். நஷ்டத்தில் ஓடுகிற நிறுவனம் கட்ட வேண்டிய வரியே இருக்காது, ஆகவே அதற்குக் கையில் காசாகவே வரும். மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் சின்னப் பட்டறைகளை அது எத்தனை தடவை காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். காப்பாற்றியவன் நான்.

ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. தடுமாறியிருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை, தோற்றோம், மறுபடி முயன்றோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்களைப் போய் அப்படிச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

டக்வொர்த் என்று ஒருவர், சந்தைக்குப் பின்னால் மீன் வறுவல் கடை. எண்ணெய் குடிக்காத மாவு ஒன்றைச் செய்திருந்தார். அதில் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன்.

"கஷ்டமா? ஒண்ணுமில்லையே. கலந்தேன், வந்துச்சு."

"மொதல் தடவையே வந்துச்சா?"

"அதெப்படி வரும்? ஒரு இருவது தடவ குப்பையில கொட்டினேன்."

"அது கஷ்டமில்லையா மிஸ்டர் டக்வொர்த்?"

"அதுவா? அது திங்கக்கிழம. திங்கக்கிழமன்னா அப்படித்தான் இருக்கும்."

இருபது தடவை தோற்ற மனிதர் தான் தோற்றதே தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இவர்களோடுதான் நான் பதினோரு வருஷம் குப்பை கொட்டினேன். டக்வொர்த்தின் மாவுக்கு நான் எழுதிய பதினான்கு பக்கத்தைப் பேராசிரியர் எவராவது படித்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். டக்வொர்த் கையெழுத்து எங்கே போடுவது என்று மட்டும் கேட்டார்.

ஆரம்பத்தில் இருந்ததைத்தான் எழுதினேன். இவர்கள் வாயிலிருந்து ஒரு தோல்வியைப் பிடுங்குவதற்குள் பாதி நாள் போய்விடும், அதனால் பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். நாய்களுக்கு முடிவெட்டும் பெண் ஒருத்தி, ஷாம்புவை மொத்தக் கடையில் வாங்கித் தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைக்கிறவள். அவளுக்கு ஒன்பது தோல்விகள் எழுதினேன், ஒவ்வொன்றும் மணிமணியாக இருக்கும். அவள் படித்துப் பார்க்கவே இல்லை. காசு வந்ததும் எனக்கு ஒரு பாட்டில் ஷாம்பு கொடுத்தாள், என்னிடம் நாய் கிடையாது. நீங்கள் இதைப் பொய் என்பீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. தங்கள் தொழிலைப் பற்றித் தங்களுக்கே சொல்லத் தெரியாத ஜனங்களுக்கு வேறு எப்படி உதவி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹாஸ்லத்தின் பட்டறை கால்வாய் ஓரம், மூடிக்கிடக்கும் பஞ்சாலையின் கீழ்த்தளத்தில் இருந்தது. வயதானவர்கள் பிடித்து நடக்கச் சுவர்க் கம்பிகள், படிக்கட்டுக் கைப்பிடிகள், இப்படிப்பட்ட சாமான்கள். ஐந்து பேர் வேலை செய்தார்கள். அதே சாமான் வெளிநாட்டிலிருந்து பாதி விலைக்கு வந்து இறங்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவருடைய கணக்குப் பார்ப்பவர்தான் என்னை அனுப்பினார், இந்தச் சலுகை கிடைத்தால் ஒரு வருஷம் தள்ளலாம், இல்லாவிட்டால் கோடையோடு பூட்டவேண்டியதுதான் என்று.

வாசலிலேயே மேஜை போட்டு டோரீன் ஹாஸ்லம் உட்கார்ந்திருந்தாள். அறுபத்தாறு வயது. முடக்குவாதத்தில் இரண்டு கை விரல்களும் ஒரு பக்கமாக வளைந்திருந்தன, பேனாவை இரு கைகளாலும் பிடித்து எழுதினாள்.

"உள்ள வாங்க கண்ணு. ஷூவ இப்ப தொடைக்க வேணாம், வெளிய போறப்ப தொடைச்சுக்கோங்க. எங்க தரை அப்படி."

இங்கே எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான். பால்காரன் முதல் பாதிரியார் வரை. எனக்கு அது பிடிக்காது.

ஹாஸ்லம் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் புதிதாகச் செய்திருந்தது குளியல் தொட்டிக்குள் ஆளை இறக்கி ஏற்றும் இருக்கை. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். தொட்டியின் இரு பக்கமும் பல் வெட்டிய இரும்புப் பட்டை, இருக்கையில் அந்தப் பல்லில் மாட்டிக்கொள்ளும் கொக்கி, கொக்கியைப் பல்லோடு அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன ஸ்பிரிங். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பல் பல்லாக இறங்கும், பல் பல்லாக ஏறும். விரல் தேவையில்லை, முழங்கையால் தள்ளினால் போதும். யாருக்காகச் செய்தார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இதில் எது கஷ்டமாக இருந்தது. ஒன்றுமில்லை என்ற பதிலுக்குத் தயாராகப் பேனாவைக் கூட மூடிவிட்டேன்.

"நழுவுது சார்," என்றார். "நாப்பது தடவ ஏத்தி எறக்கிப் பாத்தேன், மூணு மூட்ட உருளக்கெழங்க அடுக்கி வச்சு. அதுல ரெண்டு தடவ கொக்கி ரெண்டு பல்லு விட்டுட்டுப் போயி, அப்புறம்தான் புடிச்சுது. ஏன்னு எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா?"

"தெரியலன்னா தெரியல. கழட்டிப் பாத்தேன், மாட்டிப் பாத்தேன், கண்ணுக்கு ஒண்ணும் ஆப்புடல. தெரியிற வரைக்கும் ஒருத்தருக்கும் விக்கிறதில்லன்னு வச்சிருக்கேன். பன்னெண்டு பேரு கேட்டுட்டாங்க."

பதினோரு வருஷத்தில் "எனக்குத் தெரியவில்லை" என்று சொன்ன ஒரே ஆள் நார்மன் ஹாஸ்லம். அதைச் சொல்லும்போது அவருக்குக் காது மடல் சிவந்தது, ஏதோ அசிங்கத்தை ஒப்புக்கொள்வது போல. அந்தச் சலுகையே அவரைப் போன்ற ஆளுக்காகத்தான் ஏற்பட்டது. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்திருக்க வேண்டும். இத்தனை எளிய விஷயம் இந்த ஆளுக்குப் புலப்படவில்லையே என்ற ஏளனம்தான் வந்தது.

டோரீன் தேநீர் கொண்டுவந்தாள், தட்டை முழங்கையில் ஏந்தி.

"நாலு வருஷமா இந்த மனுசன்தான் என்னக் குளிப்பாட்டி விடுறான். கல்யாணமான புதுசுல கூட இத்தன ஆசையா மாடியேறி வந்ததில்ல."

"ஏ புள்ள, சும்மா இரு," என்றார் ஹாஸ்லம்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் கண்ணு. குளியலறக் கதவச் சாத்திக்கிட்டு நானே எறங்கி நானே ஏறணும். அரமணி நேரம், ஒரு பய என்னப் பாக்கக் கூடாது. ராணிக்குக்கூடக் கதவு இருக்குமில்ல?"

அவள் சிரித்தாள். ஹாஸ்லம் சிரிக்கவில்லை. அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒன்பது நாளில் எழுதி முடித்தேன். முப்பத்தொரு பக்கம். உருளைக்கிழங்கு மூட்டையை அதில் சேர்க்க முடியாது, ஆகவே அறுபத்திரண்டு சோதனைகளை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் தேதி, நீரின் சூடு, அறையின் ஈரம், ஏற்றிய எடை. நீராவியின் சூட்டில் ஸ்பிரிங் தளர்வதுதான் நழுவலுக்குக் காரணம் என்று கண்டுபிடிக்கப்பட்டதாக எழுதினேன். ஸ்பிரிங்கின் கம்பியை இரண்டரை மில்லிமீட்டர் தடிமனாக மாற்றியதும் நழுவல் அறவே நின்றது என்று பத்தொன்பதாம் பக்கத்தில் விடையும் கொடுத்தேன். சோதனைகளை மேற்பார்வையிட்டது எங்கள் பொறியாளர் குழு என்றும் போட்டேன். எங்கள் அலுவலகம் நகப்பூச்சுக் கடைக்கு மேல் ஒரே அறை, அதில் நானும் ஒரு பிரிண்டரும் இருக்கிறோம்.

ஏன் ஸ்பிரிங் என்று நீங்கள் கேட்கலாம். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் ஸ்பிரிங் பாடம் எடுத்திருக்கிறேன், அது முதலில் நினைவுக்கு வந்தது. வேறு காரணம் கிடையாது.

இன்னொன்றையும் நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரசு வக்கீல் அதைக் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டார். விடை தேவையே இல்லை. விடை கிடைக்காத முயற்சிக்கும் இந்தச் சலுகை உண்டு, ஒரு பென்னி குறையாது. நாற்பது தடவை பார்த்தோம், இரண்டு தடவை நழுவியது, ஏன் என்று தெரியவில்லை என்று ஹாஸ்லம் சொன்னதை அப்படியே இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தால் அதே காசு வந்திருக்கும். என் வாழ்நாளில் ஒரு பொய்யும் தேவைப்படாத ஒரே விண்ணப்பம் அதுதான். ஆனால் தெரியவில்லை என்று முடிகிற அறிக்கை என்ன அறிக்கை? நான் எழுதும் எதுவும் அப்படிக் கால் நொண்டிக்கொண்டு நின்றதில்லை. ஒரு கேள்வி எழுந்தால் அதற்கு ஒரு பதில் வர வேண்டும், படிக்கிறவர் அப்பாடா என்று மூட வேண்டும். அதனால் விடை எழுதினேன்.

கையெழுத்து வாங்கப் பட்டறைக்குப் போனபோது தேநீர் இடைவேளை. ஐந்து பேரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். டோரீன் அறிக்கையைப் பிரித்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.

"'ஈரப்பதச் சூழலில் மீள்திறனில் ஏற்படும் படிப்படியான நலிவு.' ஏ நார்மன், நெசமாவே நீயா இதெல்லாம் பண்ணின? என்கிட்ட கடைக்குப் போறேன்னுல்ல சொன்ன!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"கெழங்கு மூட்டையப் பத்தி ஒரு வார்த்த இல்லியே. பாவம், அதுக்கு மனசு கஷ்டமா இருக்காது? தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு, இத எழுதின உங்களுக்காவது இது புரியுமா?"

அந்தச் சிரிப்பு கூரை வரை போனது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேனாவை இரண்டு கையால் பிடிக்கிறவள், எண்கணிதம் தாண்டாதவள், என் ஒன்பது நாள் உழைப்பை நையாண்டி செய்துகொண்டிருந்தாள். ஹாஸ்லம் மட்டும் சிரிக்கவில்லை. அறிக்கையை அவளிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை நகர்த்தி, உதட்டை அசைத்து, பத்தொன்பதாம் பக்கம் முழுவதையும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர், அதற்குப் பிறகு அத்தனை அச்செழுத்தை ஒரே இடத்தில் அவர் பார்த்திருக்க மாட்டார்.

ஆறு வாரத்தில் காசு வந்தது. என் பங்கு போக மீதி பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து பேரின் வேலையும் தப்பியது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் எழுதுவதில்லை.

டோரீன் எப்படி இறந்தாள் என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. வரிசை தவறாமல் இருப்பதற்காக நானும் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம். ஹாஸ்லம் இருக்கையைத் தன் வீட்டுத் தொட்டியில் பொருத்தி, தண்ணீர் பிடித்து, சூடு பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்தபடி ஏதோ பாடினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். நான்காவது பல்லில் கொக்கியின் முனை உடைந்தது. இருக்கை ஒரேயடியாகக் கீழே போனது, அவள் மல்லாக்கச் சரிந்தாள். தொட்டியின் விளிம்பைப் பிடிக்க அந்த விரல்களால் ஆகவில்லை. ஹாஸ்லம் கீழே சமையலறையில் ரேடியோவில் கால்பந்து கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் முப்பத்தைந்து நிமிஷம் பொறுத்திருந்தார், அவசரப்படுத்தியதாக அவள் நினைத்துவிடக் கூடாது என்று. பிறகுதான் தேநீரோடு மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினார்.

இருக்கையைப் பிரித்துப் பார்த்த உங்கள் நிபுணர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை, ஒரு பக்கப் பட்டையில் பல் கொஞ்சம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. பழைய ஸ்பிரிங்கே இருந்திருந்தால் இரண்டு பல் நழுவி மூன்றாவதில் பிடித்திருக்கும், அவளுக்கு முதுகில் ஒரு வலியோடு போயிருக்கும். தடித்த ஸ்பிரிங் கொக்கியைக் கோணல் பல்லில் ஓங்கி ஓங்கி மோதவிட்டு முனையைச் சில்லாக உடைத்துவிட்டது. எட்டாம் வகுப்பில் இதெல்லாம் வராது.

சவ அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். பிறகு தேவாலயக் கூடத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச் கொடுத்தார்கள், ஊறுகாய் வெங்காயம் தனியாக. ஹாஸ்லம் கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், அவருக்குப் பொத்தான் போட்டுவிட வீட்டில் ஆள் இருந்ததில்லை என்றாலும் மாற்றிப் போட்டால் சொல்ல ஆள் இருந்தது. எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி சார். நான்தான் ஏதோ தப்பாப் படிச்சுட்டேன் போலருக்கு."

நான் அவர் கையைக் குலுக்கினேன். அழுத்தமான கை.

உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்திலும் அவர் அதையேதான் சொல்லியிருக்கிறார். அறிக்கை சரியாகப் புரியவில்லை, யாரையும் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. தன் கையால் செய்த சாமானுக்கு இன்னொருவரைக் காட்டிக்கொடுப்பது கேவலம் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு முரட்டு எண்ணம் உண்டு. ஜெயிலுக்குப் போனாலும் விடமாட்டார்கள். ஐந்து பேரும் இப்போது வேறு வேலை தேடுகிறார்கள், பட்டறை பூட்டிக் கிடக்கிறது, அவர் உள்ளே போகப்போகிறார், கேட்டால் பரவாயில்லை என்கிறார்.

யாரையும் கேட்கவில்லை என்பது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவள் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மதியம், அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். நான் முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நார்மன் ஹாஸ்லம் பேசறேன் சார். சாப்புடற நேரத்துல தொந்தரவு பண்றேனா?"

"இல்ல, சொல்லுங்க."

"அந்த அறிக்கையில பத்தொம்போதாம் பக்கம். ஸ்பிரிங்க ரெண்டரை மில்லிமீட்டர் ஆக்கினா நழுவாதுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அந்த அறுபத்திரண்டு சோதன நாங்க பண்ணினதில்ல சார். அப்ப உங்க எஞ்சினியருங்க பண்ணினதா?"

நான் வாயில் இருந்ததை விழுங்கினேன்.

"ஆமா."

"கோவிச்சுக்காதீங்க. ஸ்பிரிங்க மாத்திட்டேன். மூட்டய வச்சு முப்பது தடவ பாத்தேன், நழுவல. ஆனா மின்னாடியும் நல்லா இருந்துதான் நழுவுச்சு. சனிக்கெழம மத்தியானம் டோரீன் ஒக்காரப் போறா. நான் பக்கத்துல நிக்கிறேன்னா கேக்க மாட்டேங்கிறா, கதவச் சாத்திக்குவாளாம். அதனாலதான் கேக்குறேன். அதுல இருக்கறது நெசமா சார்?"

இல்லை என்று சொல்ல இரண்டு வினாடி போதும். சொன்னால் அவர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வந்த காசைத் தூக்கிக்கொண்டு நேராக வரித்துறைக்கே போயிருப்பார், அப்பேர்ப்பட்ட ஆள். அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த வினாடியில் என் காதில் கேட்டது டோரீன் சிரித்த சிரிப்பு.

"நெசம்தான் மிஸ்டர் ஹாஸ்லம். தைரியமா ஒக்கார வைங்க."

"அப்பாடா. ரொம்ப நன்றி சார். அவகிட்ட சொல்லிடறேன்."

நான் மிச்ச சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஒன்றும் இல்லை, தொலைபேசி மேஜைமேலேதான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவள் உட்காரப்போகும் நேரம் வரை எனக்குத் தெரியும்.

மனசாட்சி உறுத்தியதால் வந்தீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படியே எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. இல்லை. போன செவ்வாய்க்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் உங்கள் நிபுணரின் கருத்து வந்திருந்தது, இங்கே வைத்திருக்கிறேன், பாருங்கள். இந்த அறிக்கை குழப்பமானது, அர்த்தமற்ற வார்த்தைகளால் ஆனது, படிப்பில்லாத ஒருவர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டதில் வியப்பில்லை என்கிறார். ஹாஸ்லத்தின் வக்கீலும் அதையே பிடித்துக்கொண்டு வாதாடப்போகிறாராம், புரியாமல் செய்துவிட்டார், இரக்கம் காட்டுங்கள் என்று. ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த மாதம் நீதிமன்றத்தில் அந்தப் பக்கங்களை உரக்கப் படிப்பார்கள். டோரீன் சொன்னதையே ஊர் முழுக்க உட்கார்ந்து சொல்லும்.

அதனால் நான் சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சோதனைகளை நான் இட்டுக்கட்டினேன். அந்த இருக்கை நழுவும் என்று தெரிந்தும், அதில் ஒரு மனுஷி தனியாக உட்காரப்போகிறாள் என்று தெரிந்தும், அவர் கேட்டபோது உண்மை என்று சொன்னேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாதாடமாட்டேன்.

ஆனால் அவர் தவறாகப் படித்தார் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பத்தொன்பதாம் பக்கத்தை விரல் வைத்து ஒரே ஒரு தடவை படித்தார், எந்த ஸ்பிரிங், எத்தனை தடிமன், எங்கே மாட்ட வேண்டும், எல்லாம் இம்மி பிசகாமல் செய்தார். இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படி எழுத முடியும்?